சூப்பர் எரிமலை வெடிக்கும் வாய்ப்பு எவ்வளவு? திருப்பதி, சித்தூருக்கு ஆபத்து உண்டா?

திருப்பதி, சித்தூர் மாவட்டங்களில் எரிமலை ஏதும் இல்லை. புதிதாக உருவாவதற்கான சூழலும் இல்லை. திருப்பதி–திருமலை மலைப்பாதையிலுள்ள பாறை அடுக்குகள் தேசிய புவியியல் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. மிகப் பழைமையான கருங்கல் தளத்துக்கும் அதன்மீது படிந்த குவார்ட்சைட் பாறைக்கும் இடையே ஏறத்தாழ 80 கோடி ஆண்டு இடைவெளி காணப்படுகிறது. இந்தியாவில் தற்போது செயல்படும் ஒரே எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவாகும்.

எனினும், தொலைதூர வெடிப்பின் பாதிப்பு ஆந்திரத்தை எட்டியதுண்டு. இந்தோனேசியாவின் சுமத்ரா தீவிலுள்ள தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. அதன் சாம்பல், திருப்பதியிலிருந்து நேர்கோட்டில் 200 கி.மீ.க்குச் சற்று அதிகமான தொலைவிலுள்ள ஜ்வாலாபுரத்தில் படிந்துள்ளது. நீரால் அடித்துவரப்பட்டுச் சேர்ந்ததால், சில இடங்களில் அதன் தடிமன் 2 மீட்டரைத் தாண்டுகிறது. அந்தப் படிவுக்குக் கீழும் மேலும் கற்கருவிகள் கிடைத்ததை 2007-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். பேரழிவுக்குப் பின்னரும் அங்கு மனிதர் வாழ்ந்ததை இது உணர்த்துவதாக அவர்கள் கருதுகின்றனர்.

வெடிப்புக்குக் காரணம் என்ன?

ஒரே வெடிப்பில் 1,000 கன கி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களை உமிழ்வதே சூப்பர் எரிமலை எனப்படுகிறது. சிலிக்கா மிகுந்த, பிசுபிசுப்பான பாறைக்குழம்பு பூமிக்கடியில் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்கிறது. சுற்றியுள்ள பாறையும் சூடேறி நெகிழ்வதால், அழுத்தம் உடனே வெளியேறாமல் குழம்பின் அளவு பெருகுகிறது. இறுதியில் மேற்கூரை பிளக்கும்போது, குழம்பில் கரைந்திருந்த நீராவியும் வாயுக்களும் நுரைத்துப் பொங்கி வெடிக்கின்றன.

வாய்ப்பு எவ்வளவு?

உலகின் கடைசி சூப்பர் வெடிப்பு, சுமார் 26,000 ஆண்டுகளுக்கு முன் நியூசிலாந்தின் தவுப்போவில் நிகழ்ந்தது. இத்தகைய வெடிப்புகளின் சராசரி இடைவெளி 17,000 ஆண்டுகள் என ஓர் ஆய்வு மதிப்பிடுகிறது. ஆனால் அது 5,200 முதல் 48,000 ஆண்டுகள் வரை இருக்கலாம் என்றும் அதே ஆய்வு கூறுகிறது. சராசரியைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு நூற்றாண்டில் இது நிகழும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. அமெரிக்காவின் எல்லோஸ்டோனில் ஆண்டுக்கு 7,30,000-இல் ஒரு பங்கு என அந்நாட்டு புவியியல் ஆய்வு மையம் கணக்கிட்டுள்ளது. எரிமலைகள் கால அட்டவணைப்படி வெடிப்பதில்லை என்பதால், 'கெடு கடந்துவிட்டது' என்ற கூற்றுக்கு அறிவியல் அடிப்படை இல்லை.

நமக்கு என்ன பாதிப்பு?

கந்தக வாயு அடுக்கு மண்டலத்தை அடைந்து நுண்துளிகளாக மாறினால், சூரிய ஒளியைத் தடுக்கும். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ 1991-இல் வெடித்தபோது, உலக வெப்பநிலை சுமார் 0.5 டிகிரி செல்சியஸ் குறைந்தது. அது சூப்பர் எரிமலையன்று. தோபா அளவிலான வெடிப்பு நிகழ்ந்தால் பருவமழையும் பயிர் விளைச்சலும் கடுமையாகக் குறையக்கூடும். திருப்பதி–சித்தூர் இடையே காதங்கியிலுள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம், 1998 முதல் லேசர் கதிர் மூலம் வானிலுள்ள நுண்துகள்களை அளந்துவருகிறது. எங்கோ எழும் எரிமலைப் புகையின் தடத்தை இந்த மண்ணிலிருந்தே அறிய இத்தகைய கண்காணிப்பு உதவும்.