லயத்தை ஒரே படத்தில் அடக்க: கையால் செய்த கேமராவுக்கு எந்த விரிகோண லென்ஸ்?

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறிவிட்டன. சுங்கை சிப்புட், கோப்பெங், பத்து காஜா பக்கம் எஞ்சியிருக்கும் லயங்களையும் தோட்டக் கோயில்களையும் நல்ல படமாக எடுத்து வைக்க நினைப்பவர்களுக்கு 4க்கு 5 அங்குல ஃபிலிம் ஏற்றது. அதன் பரப்பு சாதாரண 35 மி.மீ. ஃபிலிமைப்போல் ஏறக்குறைய 13 மடங்கு. கதவு எண்ணும் சுவரில் எழுதிய பெயரும்கூட பெரிதாக்கும்போது தெளிவாகத் தெரியும்.

பிளைவுட் பலகை, ஃபிலிம் ஹோல்டர், மங்கல் கண்ணாடி ஆகியவை கிடைத்தால் கேமராப் பெட்டியை வீட்டிலேயே செய்துவிடலாம். செய்ய முடியாதது லென்ஸ் மட்டும்தான். செலவில் பெரும்பகுதி அதற்கே போகும். பொருந்தாத லென்ஸை வாங்கினால் காசோடு படமும் போய்விடும். இடித்த லயத்தைத் திரும்பப் போய் எடுக்க முடியாது.

விரிகோணம் ஏன் தேவை?

4க்கு 5 அங்குல ஃபிலிமுக்கு வழக்கமான லென்ஸ் 150 மி.மீ. குவியத் தொலைவு கொண்டது. 60 அடி நீளமுள்ள லயம் அதில் முழுதாக விழ, நீங்கள் 75 அடி பின்னால் நிற்க வேண்டும். பல இடங்களில் அவ்வளவு தூரம் கிடைக்காது. பின்னால் கால்வாய் இருக்கும், அல்லது செம்பனை மரங்கள் மறைக்கும். 90 மி.மீ. லென்ஸ் என்றால் 45 அடி போதும். 65 மி.மீ. என்றால் 33 அடி. ஆனால் 65-இல் படத்தின் ஓரங்கள் இழுபட்டுத் தெரியும். வாசலில் ஓரமாக நிற்பவர்கள் பருத்துக் காட்சியளிப்பார்கள். முதல் லென்ஸாக 90 மி.மீ. வாங்குவதே நல்லது.

எண்ணைப் பார்க்காதீர்கள், வட்டத்தைப் பாருங்கள்

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு லென்ஸும் பின்னால் ஒரு வட்டமான பிம்பத்தை விழவைக்கிறது. அதைப் படவட்டம் என்போம். 4க்கு 5 அங்குல ஃபிலிமின் மூலைக்கு மூலை அளவு சுமார் 153 மி.மீ. படவட்டம் அதைவிடச் சிறியதாக இருந்தால் நான்கு மூலைகளும் கறுத்துப்போகும். 35 மி.மீ. கேமரா லென்ஸின் வட்டம் ஏறக்குறைய 43 மி.மீ. மட்டுமே. படம் பெரிதாக்கும் கருவியில் வரும் 80 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கும்; அதன் குவியத் தொலைவும் 90-க்கு அருகில்தான். ஆனால் அது சிறிய ஃபிலிமுக்குச் செய்யப்பட்டது, இங்கே உதவாது. விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இதன் படவட்டம் எவ்வளவு?” என்பதே.

எவை கட்டுப்படியாகும்?

மலிவான வரிசையில் முதலில் நிற்பவை பழைய ஷ்னைடர் ஆங்குலோன் 90 மி.மீ. எஃப் 6.8, அமெரிக்கக் கிராஃப்ளெக்ஸ் கேமராக்களோடு வந்த ஆப்டார் 90 மி.மீ. எஃப் 6.8 ஆகியவை. இரண்டும் சிறியவை, எடை குறைந்தவை. ஆங்குலோனின் படவட்டம் 154 மி.மீ.; ஃபிலிமை மட்டுமட்டாக மூடும். எஃப் 22 துளையில் வைத்து எடுத்தால்தான் மூலைகள் தெளியும்.

அடுத்த படி எஃப் 8 லென்ஸ்கள். ஷ்னைடர் சூப்பர் ஆங்குலோன் 90 மி.மீ., ஃபுஜினோன் 90 மி.மீ. ஆகியவற்றின் வட்டம் 216 மி.மீ.; நிக்கோர் 90 மி.மீ. லென்ஸுக்கு 235 மி.மீ. விலையும் எடையும் கூடும். எஃப் 5.6, எஃப் 4.5 லென்ஸ்களில் மங்கல் கண்ணாடி பிரகாசமாகத் தெரியும், அவ்வளவுதான். படம் எப்படியும் எஃப் 22-இல்தான் எடுக்கப்போகிறோம். அதற்காகக் கூடுதல் பணம் தேவையில்லை.

தோட்டமா, டவுனா?

லயம் நீளமானது, உயரம் குறைந்தது. அதற்கு ஆங்குலோன் போதும். ஹப்பாக் வடிவமைத்த ஈப்போ ரயில் நிலையம் போன்ற கட்டடங்களும் கோயில் கோபுரங்களும் வேறு வகை. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் சாய்வதுபோல் விழும். கேமராவை நிமிர்த்தி வைத்து, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்த வேண்டும். அதற்குப் பெரிய வட்டம் அவசியம். 60 அடி உயரக் கோபுரத்தை நெட்டுவாக்கில் எடுக்க, ஆங்குலோனோடு 80 அடிக்கு மேல் விலகி நிற்க வேண்டும். 216 மி.மீ. வட்டமுள்ள லென்ஸை 35 மி.மீ. உயர்த்தினால் 52 அடியில் நின்று எடுக்கலாம். டவுனில் எடுக்கும் எண்ணம் இருந்தால் சற்றுப் பொறுத்து, எஃப் 8 லென்ஸுக்குச் சேர்த்து வையுங்கள்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

நம் நாட்டு ஈரக்காற்றில் லென்ஸுக்கு முதல் எதிரி பூஞ்சை. பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள். கொஞ்சம் தூசி இருந்தால் பாதகமில்லை. ஷ்னைடர் லென்ஸின் உள்விளிம்பில் தெரியும் வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் கறுப்புப் பூச்சு உதிர்ந்தவை, படத்தைக் கெடுக்காது.

ஷட்டரை ஒரு விநாடியில் வைத்து இயக்குங்கள். நடுவில் நின்றால் எண்ணெய் உறைந்திருக்கிறது. 100 ஐ.எஸ்.ஓ. ஃபிலிமுக்கு எஃப் 22-இல் நல்ல வெயிலில் 60-இல் ஒரு விநாடி போதும். மர நிழலிலும் ஐந்தடியிலும் கால் விநாடி, அரை விநாடி தேவைப்படும். மெதுவான வேகங்கள் வேலை செய்தே ஆக வேண்டும்.

பின்பக்கத் திருகு வளையம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கோபால் 0 ஷட்டருக்குப் பலகையில் 34.6 மி.மீ. ஓட்டை. பழைய ஷட்டர்கள் மாறுபடலாம். லென்ஸ் கைக்கு வந்த பிறகே ஓட்டை போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கினால் தபால் செலவையும் வரியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருட்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு.

பெட்டியில் பொருத்துவது

90 மி.மீ. லென்ஸுக்குத் துருத்தி இல்லாத மரப்பெட்டியே போதும். மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கம் லென்ஸை நோக்க வேண்டும். ஹோல்டரில் ஃபிலிம் சுமார் 4.8 மி.மீ. உள்ளே இருக்கும், கண்ணாடியும் அதே ஆழத்தில் இருக்கட்டும். பெட்டியை ஈப்போவின் தூரத்துச் சுண்ணாம்புக் குன்று ஒன்றை நோக்கி வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, குன்று கூர்மையாகத் தெரியும் இடத்தைக் குறியுங்கள். அங்கிருந்து லென்ஸை இரண்டேகால் மி.மீ. முன்னால் தள்ளி இறுக்கிவிடுங்கள். எஃப் 22-இல் சுமார் ஆறடி முதல் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாக விழும்.

வேலை முடிந்ததும் லென்ஸைத் தோல் பையில் வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

லென்ஸ் இல்லாமலும் தொடங்கலாம்

1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தின் கல்வெட்டுகளை லின்னேயஸ் டிரைப் ஒரே படத்தில் அடக்கவில்லை. 21 படங்களை வரிசையாக எடுத்து ஒட்டினார். கையில் 150 மி.மீ. லென்ஸ் இருப்பவர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. லென்ஸே இல்லையென்றால், மெல்லிய தகட்டில் 0.4 மி.மீ. ஊசித்துளை போட்டு, ஃபிலிமிலிருந்து 90 மி.மீ. தள்ளி வையுங்கள். படம் சற்று மிருதுவாக இருக்கும். ஆனால் லயம் முழுதாக அதில் இருக்கும்.

தோட்டத்துக்குள் போகுமுன் நிர்வாகத்திடமும் அங்கே குடியிருப்பவர்களிடமும் அனுமதி கேளுங்கள். எடுத்த படத்தின் பின்னால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேதி, வாசலில் நிற்பவர்களின் பெயர்கள் ஆகியவற்றை எழுதி, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுத்துவிட்டு வாருங்கள்.