திண்ணையும் அஞ்சடியும்

கோவை பெரிய கடை வீதியில் மிஞ்சியிருக்கும் ஓட்டுக் கட்டடங்களுக்கும் மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளுக்கும் சாயல் ஒன்றுதான். கீழே கடை, மேலே குடும்பம். குறுகிய முகப்பு, நீண்டு பின்னால் ஓடும் உடல், நடுவே வெளிச்சம் இறங்கும் முற்றம்.

வாசலில்தான் இரண்டும் பிரிகின்றன. சிங்கப்பூருக்கு 1822-இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், வீடுகளின் முன்னே கூரையிட்ட நடை விடச் சொன்னது. அந்த வழக்கம் பினாங்கிலும் வேரூன்றியது. அங்குள்ள தமிழருக்கு அது அஞ்சடி. இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. நம் திண்ணை அப்படியல்ல. அழைத்தால் உட்காரலாம், அடுத்த திண்ணைக்குத் தெருவில் இறங்கித்தான் போக வேண்டும். பினாங்கில் மழை அதிகம், கூரை வேண்டியிருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். சித்திரை வெயிலில் டவுன்ஹாலிலிருந்து ஒப்பணக்கார வீதிவரை நடந்தவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். நடக்கும் உரிமை ஊருக்கு இல்லாததால்தான், கடைக்கு மவுசு ஏறியதும் திண்ணையை ஷட்டருக்குள் இழுத்துக்கொள்ள முடிந்தது. படிக்கட்டு சாக்கடை மூடிமேல் வந்து நின்றது.

பழைய சுவர்களைக் காத்தது எது? அழகுணர்ச்சி என்று நான் நம்பவில்லை, குறைந்த வாடகை. பினாங்கில் 1948-க்கு முன் கட்டியவற்றுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிந்தது. வாடகை ஏறியது, மாடியில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது சுவர் தப்பியது, குடித்தனம் தப்பவில்லை. இன்று பல கடைவீடுகள் தங்கும் விடுதி, காப்பிக்கடை. தமிழ்நாட்டின் 1960 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில்தான் புதிய சட்டத்துக்கு வழிவிட்டது. கோவையிலோ வசதியான குடும்பங்கள் அதற்கு வெகு முன்பே ஆர்.எஸ்.புரம் பக்கம் போய்விட்டன; மாடி குடோன் ஆனது. கட்டடம் ஒவ்வொன்றாக விழுகிறது, வியாபாரம் விழவில்லை. ரங்கே கவுடர் வீதியில் மளிகை மூட்டை இன்றும் இறங்குகிறது.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது பாரம்பரியப் பட்டியல் அல்ல. மலேசியாவில் புதிதாக எழும் காங்கிரீட் கடைவரிசைகளுக்கும் முன்னே அந்த நடை உண்டு. ஓடு போனாலும் அஞ்சடி நிற்கிறது. மோட்டார் சைக்கிளும் பெட்டியும் அதை அடைப்பதுண்டு, அது வேறு சண்டை. கோவையில் பழைய கடையை இடித்துக் கட்ட வரைபடத்தோடு வருபவரிடம், தரைத்தளத்தை ஐந்தடி உள்ளே தள்ளி மாடியைத் தூண்மேல் நிறுத்தச் சொல்லலாம். விட்டுக்கொடுக்கும் இடத்துக்கு ஈடாக மேலே கொஞ்சம் கூடுதலாகக் கட்ட அனுமதிக்கலாம்.