பத்திரத்தில் எழுதிய விலை: தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பும் வீட்டு விலைப் போக்கும்

ஒரு வட்டாரத்தில் வீடும் மனையும் என்ன விலைக்குக் கைமாறின என்பதை ஆராய்வோர் முதலில் நாடுவது சார்பதிவாளர் அலுவலகத்தின் ஆவணங்களையே. நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்தின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் வழியாகவே நிகழவேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விதித்திருப்பதால், ஒவ்வொரு கிரயத்திலும் கைமாறிய தொகை ஏதேனும் ஒரு பதிவேட்டில் இடம்பெற்றே ஆகவேண்டும். எனினும், தமிழ்நாட்டின் கிரயப் பத்திரங்களில் காணப்படும் தொகையை அப்படியே சந்தை விலையாகக் கொள்ள இயலாது. கடந்த பல பத்தாண்டுகளில் அத்தொகையைப் பெரிதும் தீர்மானித்து வந்தது விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்த விலையன்று, பதிவுத்துறை தெருவுக்குத் தெரு, சர்வே எண்ணுக்குச் சர்வே எண் குறித்துவைத்த வழிகாட்டி மதிப்பே ஆகும். அம்மதிப்பு எவ்வாறு தோன்றி, எவ்வாறு விலையின் இடத்தையே பிடித்துக்கொண்டது என்பதை அறியாமல் வட்டார விலைப் போக்கைப் பதிவேட்டிலிருந்து படிப்பது பிழையான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

1899ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம், கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்ட பிரதிபலன் தொகையின்மீதே, அதாவது சொத்துக்கு ஈடாகக் கொடுத்ததாகப் பத்திரம் சொல்லும் தொகையின்மீதே, முத்திரைத் தீர்வையை விதித்தது. தொகையைக் குறைத்து எழுதியதாக ஐயம் எழுந்தாலும், குற்றவழக்குத் தொடரலாமேயன்றி, விடுபட்ட தீர்வையைக் கணக்கிட்டு வசூலிக்கும் வழி அச்சட்டத்தில் தெளிவாக இல்லை. மகாராட்டிரத்திலிருந்து வந்த ஹிமாலயா ஹவுஸ் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் இந்நிலையை உறுதிசெய்து, பத்திரத்தில் கண்ட தொகைக்கு அப்பால் சென்று வருவாய்த்துறை தானாக மதிப்பிட மூலச் சட்டம் இடம் தரவில்லை என்று தீர்ப்பளித்தது. சென்னை மாநிலச் சட்டமன்றம் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 1967இன் 24ஆம் சட்டத்தின் மூலம், 47-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து இவ்விடைவெளியை அடைத்திருந்தது. சொத்தின் சந்தை மதிப்பு உண்மையாகக் காட்டப்படவில்லை என்று நம்பக் காரணமிருந்தால், பதிவு அலுவலர் பத்திரத்தைப் பதிவு செய்தபின் அதனை ஆட்சியரின் முடிவுக்கு அனுப்பலாம் என்பதே அப்பிரிவின் சாரம். குறைமதிப்பீட்டைத் தடுக்கும் விதிகள் 1968இல் வந்தன.

பதிவு அலுவலருக்கு அந்த நம்பிக்கை எதன் அடிப்படையில் வரும் என்னும் கேள்விக்கு விடையாக எழுந்ததே வழிகாட்டி மதிப்பு. நகரங்களில் தெருவாரியாகச் சதுர அடிக்கு இவ்வளவு என்றும், சிற்றூர்களில் சர்வே எண் வாரியாக நன்செய், புன்செய், மனை என்ற வகைப்பாட்டுடனும் அது பட்டியலிடப்பட்டது. பெயருக்கேற்ப அது வழிகாட்டியாக மட்டுமே இருக்கவேண்டியது. ஆந்திரத்திலிருந்து எழுந்த ஒரு நில எடுப்பு வழக்கில் 1994இல், இத்தகைய அடிப்படை மதிப்புப் பதிவேட்டிற்குச் சட்ட வலு இல்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. டான்சி என்னும் அரசு நிறுவனத்திற்குக் கிண்டியிலிருந்த நிலத்தின் விற்பனை தொடர்பான வழக்கில் 2003இல் அதே நீதிமன்றம், வழிகாட்டி மதிப்பு 47-ஏ பிரிவின் தேவைக்கு ஒரு முதல்நோக்குச் சான்றே தவிர, அதுவே முடிந்த முடிபாகாது என்று விளக்கியது.

சட்டத்தின் நிலை இதுவாக இருக்க, சார்பதிவாளர் அலுவலகத்தின் நடைமுறை வேறு திசையில் வளர்ந்தது. வழிகாட்டி மதிப்பைவிடக் குறைந்த தொகைக்கு எழுதப்பட்ட பத்திரம் பதிவாகிவிட்டாலும் திரும்பக் கைக்கு வராது. அது நிலுவை ஆவணமாகி, முத்திரைத் தனித்துணை ஆட்சியரின் விசாரணைக்குச் செல்லும். விசாரணை முடியும்வரை அசல் பத்திரம் இல்லாததால் வாங்கியவர் அதனை வங்கியில் அடமானம் வைக்க முடியாது, மறுவிற்பனைக்கும் அது தடையாகும். மேல்முறையீட்டிற்குப் பதிவுத்துறைத் தலைவரிடம் செல்லலாம் என்றாலும், அதற்கான அலைச்சலையும் காலத்தையும் எண்ணிப் பார்க்கும் எளிய குடும்பத்தினர், தாம் உண்மையில் குறைந்த விலைக்கே வாங்கியிருந்தாலும் பத்திர எழுத்தரின் சொற்படி வழிகாட்டி மதிப்பையே கிரயத் தொகையாக எழுதிவிடுவர். மறுபுறம், வழிகாட்டி மதிப்பைவிடப் பன்மடங்கு கூடுதலாகக் கொடுத்து வாங்கியவரும் அதே மதிப்பையே எழுதி, மிச்சத்தைக் கணக்கில் வராத ரொக்கமாகக் கொடுத்தார். ஆகவே, குறைமதிப்பீட்டைப் பிடிக்க வைத்த அளவுகோலே, எவ்வளவு எழுதினால் போதும் என்று இரு தரப்பினருக்கும் சொல்லித்தரும் எல்லைக்கோடாகியது.

வருமான வரிச் சட்டம் இக்கோட்டை மேலும் அழுத்தமாக வரைந்தது. குறைத்து எழுதப்பட்ட சொத்தை அரசே வாங்கிக்கொள்ளலாம் என்னும் விதி சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் 1986இல் நடைமுறைக்கு வந்து, 2002இல் கைவிடப்பட்டது. அதற்குப் பின் வந்த 50-சி பிரிவு, முத்திரைத் தீர்வைக்காகக் கொள்ளப்படும் மதிப்பைவிடக் குறைவாக விற்றிருந்தாலும் அம்மதிப்பையே விற்பனைத் தொகையாகக் கருதி மூலதன ஆதாய வரி கணக்கிடுமாறு செய்தது. இதனால் வழிகாட்டி மதிப்பிற்குக் கீழே எழுத எவருக்கும் காரணமில்லாமற் போனது. மேலே எழுதுவதற்கோ வீட்டுக் கடன் ஒன்றே வலுவான காரணமாக எஞ்சியது. கடன் தொகை பத்திர மதிப்பையொட்டி அமைவதால், சம்பளக்காரர்கள் கடன் வாங்கிக் குடியேறும் பகுதிகளில் பத்திர விலை உண்மை விலையை நெருங்கியது. 2000இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் வளர்ந்த பழைய மகாபலிபுரம் சாலைப் பகுதியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். கைமுதலைக் கொண்டே நிலம் வாங்கப்படும் சந்தைகளிலோ இரண்டிற்கும் இடையே அகலமான இடைவெளி தொடர்ந்தது. இரு வட்டாரங்களின் பத்திர விலைகளை ஒப்பிடுமுன் அவற்றில் கடன் எவ்வளவு புழங்குகிறது என்று பார்த்தாக வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. பெரும்பாலான புதிய அடுக்ககங்களில், கட்டடம் நிற்கும் மனையில் வாங்குபவருக்குரிய பிரிபடாத பாகம் மட்டுமே கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டது. வீடு கட்டித் தருவது தனியான கட்டுமான ஒப்பந்தமாகி, மிகக் குறைந்த கட்டணத்திற்குப் பதிவானது. எனவே, பல ஆண்டுகளாகச் சென்னையின் பதிவேடுகளில் புதிய அடுக்கக வீடு என்பது வீடாக அல்லாமல் சில நூறு சதுர அடி நிலமாகவே தோன்றியது. 2023 டிசம்பர் முதல், நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் ஒரே கிரயப் பத்திரம் எழுதும் முறை வந்தபோது, 50 இலட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 6 விழுக்காடும், அதற்கு மேல் 3 கோடி வரை 7 விழுக்காடும் என விதிக்கப்பட்டது. அந்த மாதத்திற்கு முந்திய அடுக்ககப் பத்திரங்களையும் பிந்தியவற்றையும் ஒரே வரிசையில் வைத்து விலையேற்றம் கணக்கிடுவது பொருந்தாது.

வழிகாட்டி மதிப்பின் ஆட்சி எத்தகையது என்பதை மிகத் தெளிவாகக் காட்டுவது 2012 முதல் 2024 வரையிலான காலமே. 2007க்குப் பின் 2012 ஏப்ரலில் மாநிலம் முழுவதும் மதிப்புகள் திருத்தப்பட்டுப் பல இடங்களில் பன்மடங்காக உயர்ந்தன. அதன்பின் சந்தை மந்தமானது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், விளைநிலங்களைக் கூறுபோட்டு உருவாக்கிய அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அக்டோபரில் பதிவுச் சட்டத்தின் அதே நோக்குடைய 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் பணமதிப்பிழப்பு ரொக்கப் புழக்கத்தை முடக்கியது. மனை வணிகம் நிலைகுலைந்திருந்த இச்சூழலில், 2017 மே மாதம் மனை வரன்முறை விதிகள் வெளிவந்தன. அடுத்து, 2017 ஜூன் 9 முதல் வழிகாட்டி மதிப்பு மாநிலமெங்கும் ஒரே சீராக 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வழிகாட்டி மதிப்பு 30 இலட்சம் ரூபாயாக இருந்த மனை ஒன்றுக்கு, 5 விழுக்காடு முத்திரைத் தீர்வை, 2 விழுக்காடு மாற்றுத் தீர்வை, 1 விழுக்காடு கட்டணம் என மொத்தம் 8 விழுக்காடு கணக்கில், 2017 ஜூன் தொடக்கம்வரை 2,40,000 ரூபாய் செலவானது. குறைப்பிற்குப் பின் மதிப்பு 20,10,000 ஆகவும் மொத்த விகிதம் 11 விழுக்காடாகவும் மாறியதால் செலவு 2,21,100 ஆனது. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பு மீட்கப்பட்டு, கட்டணம் 2 விழுக்காடாகக் குறைந்தபோது, அதே மனைக்கு 9 விழுக்காடாக 2,70,000 ரூபாய் செலுத்தவேண்டியதாயிற்று. வாங்குபவரின் செலவு இவ்வாறு ஒப்பளவில் குறைவாகவே ஏறியிறங்க, பதிவேட்டில் மட்டும் மனையின் விலை ஒரே நாளில் மூன்றிலொரு பங்கு சரிந்து, ஆறாண்டுகளுக்குள் மற்றொரு நாளில் ஏறத்தாழ 49 விழுக்காடு எகிறியதாகத் தோன்றும். இவ்விரண்டு மாற்றங்களிலும் சந்தையின் பங்கு எதுவும் இல்லை.

மேலும், அண்ணா நகரின் அகன்ற தெருவுக்கும் இராமநாதபுரத்தின் மானாவாரிக் காட்டுக்கும் ஒரே 33 விழுக்காட்டைப் பொருத்தியது, வட்டார வேறுபாட்டை அளப்பதற்கென்றே உருவான ஒரு கருவியை அவ்வேறுபாட்டைக் காணாத கருவியாக மாற்றியது. இந்திய ரிசர்வ் வங்கி வெளியிடும் வீட்டு விலைக் குறியீடு பதிவுத்துறைகள் தரும் கிரய விவரங்களைக் கொண்டே கணிக்கப்படுவதால், அதில் சென்னைக்குரிய எண்களைப் படிப்போரும் இத்தேதிகளை மனத்தில் இருத்திக்கொள்ளவேண்டும். கடன் நிறுவனங்களின் மதிப்பீட்டு விலையைக் கொண்டு தேசிய வீட்டுவசதி வங்கி தயாரிக்கும் ரெசிடெக்ஸ் குறியீட்டில் இக்குறை அவ்வளவாக இல்லையெனினும், கடனில்லாமல் நடக்கும் விற்பனை அதன் வீச்சுக்குள் வருவதில்லை.

இது புள்ளிவிவரத்தோடு நின்றுவிடும் குறையன்று. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, முத்திரைச் சட்டப்படியான மதிப்பு, அண்மைப் பகுதிகளில் பதிவான விற்பனைகளின் சராசரி ஆகியவற்றுள் உயர்ந்ததை இழப்பீட்டிற்கு அடிப்படையாகக் கொள்கிறது. ஒன்று தாழ்ந்தால் மற்றொன்று காக்கும் என்பது சட்டம் இயற்றியோரின் எண்ணமாக இருக்கலாம். ஆனால், பதிவான விற்பனைகளும் வழிகாட்டி மதிப்பைப் பார்த்தே எழுதப்படும் நிலையில் இரண்டும் சேர்ந்தே தாழ்கின்றன. இழப்பீட்டுக்கு இணையான ஆறுதல் தொகையும் சேர்த்து வழங்கப்படுவதால், அடிப்படை மதிப்பில் குறையும் ஒவ்வொரு ரூபாயும் நிலம் இழக்கும் உழவருக்குக் குறைந்தது இரண்டு ரூபாய் இழப்பாகிறது. மனை வணிகத்தைத் தூக்கி நிறுத்துவதற்காக 2017இல் எடுத்த முடிவின் சுமை, அவ்வணிகத்தில் எத்தொடர்பும் இல்லாதோர் தோளிலும் ஏறியது என்பது கவனத்திற்கு வராமலே போன செய்தியாகும்.

2023இன் உயர்வு சுற்றறிக்கை ஒன்றின் வழியே செய்யப்பட்டது. மதிப்பீட்டுக் குழு அமைத்து, வரைவை வெளியிட்டு, ஆட்சேபம் கேட்கவேண்டும் என்னும் 2010ஆம் ஆண்டு விதிகள் பின்பற்றப்படவில்லை என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் அதனை இரத்து செய்தது. அவ்விதிகளின்படி தயாரான புதிய மதிப்புகள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இடத்திற்கு இடம் வேறுபடும் உயர்வை ஆட்சேபங்களைக் கேட்டபின் நிர்ணயித்ததால், 2017இன் ஒரே சீரான வெட்டைவிட இது வட்டார நிலைக்கு நெருக்கமானது எனலாம். 2025 ஏப்ரல் முதல் 10 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. சலுகையின் எல்லை ஒரு குறிப்பிட்ட தொகையில் நிற்பதால், சிறு நகரங்களின் மனைப் பத்திரங்கள் இனி 10 இலட்சத்தையொட்டி அதன் கீழே குவியக்கூடும். அடுக்ககங்களுக்குரிய 50 இலட்ச எல்லையிலும் அத்தகைய குவிவை எதிர்பார்க்கலாம். அவ்விரு தொகைகளைச் சூழ்ந்த பத்திரங்களை வட்டார வாரியாகத் தனியே பிரித்தெடுத்தால், பேசிய விலைக்கும் எழுதிய விலைக்கும் உள்ள தொலைவை ஓரளவு நேரடியாகவே அளக்க இடமுண்டு.