கார்டு கிடைக்காத ஆட்டக்காரர்

1/ பிராட்மேன் பெரிய ஆளா, சச்சின் பெரிய ஆளா? டீக்கடையில ஆரம்பிச்சு கல்யாணப் பந்தி வரைக்கும் போயும் தீராத சண்டை இது. ரெண்டு பேரையும் ஒரே காலத்துல, ஒரே மைதானத்துல இறக்கிப் பார்த்தாத்தான் தீர்ப்பு சொல்ல முடியும். அதுக்கு வழியில்லை.

ஆனா அமெரிக்காவில் பேஸ்பாலுக்கு அப்படி ஒரு வழியை 1961-லேயே கொண்டு வந்துட்டாங்க. மூணு பகடை, கொஞ்சம் அட்டை, அவ்வளவுதான்.

பேஸ்பால் தெரியாதேன்னு ஓடிடாதீங்க. எனக்கும் அரைகுறைதான். இந்தக் கதை கடைசியில நம்ம விரல்ல மாட்டுற ஒரு மருத்துவக் கருவி வரைக்கும் வரும். கொஞ்சம் பொறுமையா வாங்க.

2/ ஹால் ரிச்மன் என்ற நியூயார்க் பையன். வயசு 11. பகடையை உருட்டி உருட்டி, எந்த எண் எத்தனை தடவை விழுதுன்னு குறிச்சு வச்சுப் பார்த்தான். ரெண்டு பகடையின் கூட்டுத்தொகை 7 வர 36-ல் 6 வாய்ப்பு. 2 வர 36-ல் ஒரே ஒரு வாய்ப்பு. அப்படின்னா ஒரு நல்ல பேட்ஸ்மேனின் அட்டையில் 6, 7, 8 வரிசைகளில் 'ஹிட்' என்று எழுதி வைத்தால் அவர் அடிக்கடி அடிப்பார். சுமாரான ஆளுக்கு அதே இடத்தில் 'அவுட்' என்று எழுதினால் போதும்.

வளர்ந்த பிறகு அதையே தொழிலாக்கினார். 1961-ல் வந்த அந்த விளையாட்டின் பெயர் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக். அதற்கு முன்பே 1951-ல் ஆப்பா என்ற பகடை பேஸ்பாலும் வந்திருந்தது. ரிச்மனின் தனித்தன்மை, பந்து வீசுபவருக்கும் ஒரு முழு அட்டை கொடுத்தது.

3/ ஆடும் முறை ரொம்ப எளிது. முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்ஸ்மேனின் அட்டையைப் பார்க்கணும். 4, 5, 6 என்றால் பந்து வீசுபவரின் அட்டை. மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை எந்த வரியைப் படிக்கணும்னு சொல்லும். மொத்தம் 216 சாத்தியங்கள். அதில் பாதி இவர் கையில், பாதி அவர் கையில்.

ஒரு மனுஷனோட ஒரு வருஷ உழைப்பு முழுக்க ஒரு சின்ன அட்டையில் அடங்கிடுச்சு. அப்புறம் என்ன? இறந்து போனவர், ஓய்வு பெற்றவர், இன்னிக்கு ஆடுறவர் எல்லாரையும் ஏலம் மாதிரிப் பிரிச்சு எடுத்து, ஆளுக்கொரு அணி, ஒரு லீக். 1927-ம் வருஷத்து பேப் ரூத்துக்கு 1968-ம் வருஷத்து பாப் கிப்சன் பந்து வீசுவார். நிஜத்தில் ரூத் ஓய்வு பெற்றது 1935-ல். பாப் கிப்சன் பிறந்ததும் அதே 1935-ல்தான்!

4/ இங்கே ஒரு சிக்கல். டாக்டர்களுக்கு நல்லாப் பழக்கமான சிக்கல்.

நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 140. நல்லதா கெட்டதா? பிறந்த குழந்தைன்னா நான் சிரிச்சுக்கிட்டே அம்மா கையில கொடுத்துடுவேன். 50 வயசுக்காரர் சும்மா படுத்திருக்கும்போது 140 இருந்தா உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்லுவேன். எண் ஒண்ணுதான். யாரோட எண் என்பதில்தான் அர்த்தம் இருக்கு.

பேஸ்பாலிலும் அப்படியே. 1930-ல் நேஷனல் லீக் முழுவதுக்குமான பேட்டிங் சராசரி 0.303. 1968-ல் அமெரிக்கன் லீக்கில் பேட்டிங் பட்டம் வென்ற கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி 0.301. அதாவது ஒரு வருஷத்தின் சாம்பியன், இன்னொரு வருஷத்தின் சராசரி ஆளுக்கும் கீழே! அவர் மட்டமான ஆட்டக்காரரா? இல்லவே இல்லை. 1968 பந்து வீசுபவர்களின் பொற்காலம். அதே ஆண்டு முடிந்ததும் அவர்கள் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்க வேண்டி வந்தது.

அதனால் வெவ்வேறு காலத்து ஆட்களைச் சேர்த்து ஆடுறவங்க ஒருத்தரை அவர் காலத்து சராசரியோடு ஒப்பிட்டுப் பார்த்துதான் எடை போடணும். நம்ம லேப் ரிப்போர்ட்ல ஓரத்துல அச்சடிச்சிருக்கிற 'நார்மல் அளவு' மாதிரி.

5/ சரி, கணக்கு சரியாயிடுச்சு, எல்லாரையும் ஒப்பிடலாம்னு நினைக்கிறீங்களா? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அட்டை தயாரிக்க எண் வேணும். எண் இருக்கணும்னா யாராவது எழுதி வச்சிருக்கணும். 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை, 20-ம் நூற்றாண்டின் மேஜர் லீக்கில் கறுப்பின வீரர்களுக்கு இடமே கிடையாது. அவர்கள் நீக்ரோ லீக்குகள் என்று அழைக்கப்பட்ட தனி லீக்குகளில் ஆடினார்கள். அந்த ஆட்டங்கள் அதிகாரப்பூர்வ பதிவேட்டில் ஏறவில்லை. பதிவு இல்லையென்றால் எண் இல்லை. எண் இல்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லாதவர் கற்பனை லீக்கில்கூட ஆட முடியாது.

நிஜத்தில் போட்ட பூட்டு, விளையாட்டுப் பெட்டிக்குள்ளயும் வந்து பூட்டிக்கிச்சு.

6/ ஜோஷ் கிப்சன். 1911-ல் பிறந்தவர். பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ், ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிகளின் கேட்சர். பந்தை அடிப்பதில் அவருக்கு இணை அபூர்வம் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். 1943-ல் அவருடைய சராசரி 0.466. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அவருக்கு மூளையில் கட்டி என்று கண்டறியப்பட்டதாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1947 ஜனவரி 20 அன்று, 35 வயதில் இறந்து போனார்.

தேதியைப் பாருங்க. ராபின்சன் களமிறங்க இன்னும் மூணு மாசம்கூட இல்லை.

7/ அவருடைய எண்கள் எங்கே கிடைத்தன? பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பின மக்களின் பத்திரிகைகளில். ஆட்டம் முடிந்ததும் யாரோ ஒரு நிருபர் அனுப்பிய ஸ்கோர் பட்டியல்கள். ஆர்வலர்கள் பல வருடங்கள் மைக்ரோஃபிலிம் சுருள்களைத் தேடித் தேடி, ஒவ்வொரு ஆட்டமாகக் கூட்டினார்கள்.

அந்த உழைப்பின் பலனாக 2009-ல் ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் நீக்ரோ லீக் நட்சத்திரங்களுக்கென்று ஒரு அட்டைத் தொகுப்பு வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள். மேஜர் லீக் நிர்வாகம் இவர்களைத் தன் கணக்கில் சேர்ப்பதற்குப் பல வருஷம் முன்னாடியே பகடை ஆட்டத்துல சேர்த்துட்டாங்க!

8/ அடுத்தது 2020. நாம எல்லாரும் மறக்க நினைக்கிற வருஷம். பேஸ்பால் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது, நடக்காத ஆட்டங்களைக் கணினியில் தினமும் நடத்தி ஸ்கோர் வெளியிட்டார்கள். ஜூலையில் உண்மையான சீசன் தொடங்கியது. வழக்கமான 162 ஆட்டங்களுக்குப் பதில் வெறும் 60.

நீக்ரோ லீக்குகளைச் சேர்க்காததற்கு அதுவரை சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, சீசன் குட்டையானது, ஆட்டம் கம்மி என்பது. இப்போ 60 ஆட்டம் மட்டும் எப்படிச் செல்லும்? இந்தக் குட்டை சீசன்தான் தங்களை யோசிக்கத் தூண்டியது என்று மேஜர் லீக்கின் அதிகாரப்பூர்வ வரலாற்றாளர் ஜான் தோர்ன் பின்னர் சொன்னார். 2020 டிசம்பர் 16 அன்று, 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளுக்கும் மேஜர் லீக் தகுதி அறிவிக்கப்பட்டது.

9/ இப்போ அந்த விரல் கருவிக்கு வருவோம். அந்த அறிவிப்புக்கு மறுநாள், டிசம்பர் 17, ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பல்ஸ் ஆக்சிமீட்டர் 92 முதல் 96 சதவீதம் என்று காட்டும்போதே, ரத்தத்தில் உண்மையான ஆக்சிஜன் 88-க்குக் கீழே இருந்த சந்தர்ப்பங்கள் எத்தனை என்று பார்த்தார்கள். வெள்ளையின நோயாளிகளில் 3.6 சதவீதம். கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

கோவிட் வார்டில் அந்தக் குட்டிக் கருவியை நம்பித்தான் நாங்க ஆக்சிஜன் கொடுக்கறதா வேண்டாமான்னு முடிவெடுத்தோம். வார்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலக் கறுத்த தோல்காரர்கள். அதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு பகுதி மக்களை வெளியே நிறுத்திட்டு, மிச்சம் இருக்கிறவங்களை மட்டும் அளந்து 'இதுதான் நார்மல்'னு எழுதினா, கணக்கு எவ்வளவு துல்லியமா இருந்தாலும் விடை தப்பாகும். பேப் ரூத்தின் எண்களும் அப்படிப்பட்டவைதான். ரூத் மகத்தான வீரர், சந்தேகமில்லை. ஆனால் அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் அவர் தன் காலத்தின் சிறந்த கறுப்பினப் பந்துவீச்சாளர்களைச் சந்திக்கவே இல்லை.

10/ 2024 மே மாதம் அந்த எண்கள் மேஜர் லீக் பதிவேட்டில் சேர்ந்தன. 2,300-க்கும் மேற்பட்ட வீரர்கள். வாழ்நாள் சராசரிப் பட்டியலில் ரொம்ப காலமாக முதலிடத்தில் இருந்தவர் டை காப், 0.367. இப்போது முதலிடம் 0.372. ஜோஷ் கிப்சன்.

அவர் இறந்து 77 வருஷம் கழிச்சு.

11/ இன்னிக்கு ராத்திரி எங்கேயோ ஒரு வீட்டு மேஜையில யாரோ ஒருத்தர் பகடையை உருட்டி, கிப்சனை மேஜர் லீக் மைதானத்தில் இறக்கிக்கிட்டு இருப்பார். அது அவருக்குக் கிடைக்காத ஆட்டத்துக்கு ஈடாகாது. ஆனா அதுவாவது நடக்குதுன்னா, என்றைக்கோ ஒரு பத்திரிகைக்காரர் சோம்பல்படாமல் ஸ்கோரை எழுதி அனுப்பினார் என்பதால்தான்.

அதனால டாக்டரா ஒரே ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவங்களோட பழைய ஃபைல், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடாதீங்க. அவங்களுக்கு எது நார்மல்னு அதுலதான் இருக்கு. ரிப்போர்ட் ஓரத்துல அச்சடிச்ச அளவை விட அதுதான் எனக்கு முக்கியம். ஃபைல் இல்லைன்னா, இன்னிக்கே ஒரு நோட்டு வாங்கித் தேதி போட்டு எழுத ஆரம்பிங்க.

பிராட்மேன், சச்சின் சண்டையை கமென்ட்ல தொடரலாம்.