சேவையிலிருந்து பணிக்கு: புனேயில் ஒரு கல்வியின் முன்வரலாறு

இந்தியாவில் சமூகப் பணிக் கல்வியின் வரலாற்றை 1936-இலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில்தான் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கரின் முன்முயற்சியால் பம்பாயில் சர் தொராப்ஜி டாட்டா பட்டதாரிச் சமூகப் பணிப் பள்ளி திறக்கப்பட்டது. இன்றைய டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் அதன் வளர்ச்சியே. இத்தொடக்கம் தவறன்று, ஆயினும், அதற்கு முந்தைய நாற்பதாண்டுகளில் புனேயில் நிகழ்ந்ததை அது மறைத்துவிடுகிறது.

1905 ஜூன் மாதம் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைப் புனேயில் நிறுவினார். அதில் சேர்வோர் ஏழு உறுதிமொழிகளை ஏற்று, ஐந்தாண்டுகள் பயிற்சி பெற வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணியில் தலைமையாசிரியராயிருந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1907-இல் அதில் இணைந்து, 1915-இல் கோகலேக்குப்பின் தலைவரானார். மற்றோர் உறுப்பினரான என். எம். ஜோஷி 1911-இல் பம்பாயில் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார்.

இவர்கள் அனைவரும் கற்றறிந்த ஆடவர்கள். அதே நகரில் பெண்களுக்கென வேறொரு வழியும் உருவாகியிருந்தது. தோண்டோ கேசவ் கர்வே 1896-இல் கைம்பெண்களுக்கான இல்லத்தைத் தொடங்கினார். ரமாபாய் ரானடே 1909-இல் நிறுவிய சேவா சதனம் பெண்களைச் செவிலியராகவும் ஆசிரியைகளாகவும் பயிற்றுவித்தது. கர்வேயின் துணைவியாருக்கு உடன்பிறந்தவரான பார்வதிபாய் அதவலே, கைம்பெண்ணாக வந்து கற்று, பின்னர் அவ்வில்லத்தின் மேற்பார்வையாளரானார். அதற்காக ஊர் ஊராகச் சென்று நிதியும் திரட்டினார். உதவி பெற்றவரே உதவி செய்பவராக உயர்ந்தார் என்பதே இவ்வழியின் தனித்தன்மை.

இதனைப் பொற்காலமாகக் கொள்ளலாகாது. கர்வேயின் இல்லம் பெரிதும் மேல்சாதிக் கைம்பெண்களையே சார்ந்திருந்தது. ஒருவரது துயரத்தைக் கேட்பதற்கான முறை, அவர் கூறியதை மறைபொருளாகக் காக்கும் கடமை, முடிவை அவரிடமே விடும் நெறி ஆகியவற்றைப் பாடமாக வகுத்தளித்தது பின்வந்த தொழிற்கல்வியே. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதை நிலைநாட்டியது அதன் சாதனை.

கர்வே மறைந்த மறு ஆண்டில், 1963-இல், அவர் பெயரால் புனேயில் ஒரு சமூக சேவை நிறுவனம் தோன்றியது. நிறுவனத்தின் பெயரில் இருப்பது 'சேவை'. அது கற்பிக்கும் முதுநிலைப் பட்டத்தின் பெயரில் இருப்பது 'பணி'. மராத்தியிலும் 'சமாஜ்சேவா' வேறு, 'சமாஜ்கார்ய' வேறு. முன்னது மனநிலையைச் சுட்டுகிறது. பின்னது தகுதியை வேண்டும் தொழிலைச் சுட்டுகிறது.

இச்சொல் மாற்றத்தின் விளைவு இன்று சட்டத்திலும் தெரிகிறது. இணை மற்றும் உடல்நலப் பராமரிப்புத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டம், சமூகப் பணியாளரையும் சிலவகை உளவளத்துணையாளரையும் தன் பட்டியலில் சேர்த்து, அங்கீகரிக்கப்பட்ட கல்வித் தகுதியையும் பதிவையும் கோருகிறது. பயிற்சியற்றோரிடமிருந்து மக்களைக் காக்க இது தேவை. ஆனால், பட்டம் ஒன்றே வாயிலாகுமெனில் இன்றைய பார்வதிபாய்க்கு இடம் எங்கே?

புனேயில் அப்பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் 2014 முதல் சாவித்திரிபாய் புலேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1897-இல் பிளேக் நோயாளிகளைப் பேணும்போது அந்நோய்க்கே இரையான அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இருக்கவில்லை. அனுபவத்தின்வழி வருவோரும் பயிற்சி பெற்றுத் தகுதியடையும் வகையில் பாடத்திட்டத்தை அமைப்பதே அப்பெயருக்குச் செய்யும் நேர்மையாகும்.