கோடும் சுவரும்: செல்லுலார் சிறையை முன்வைத்து

போர்ட் பிளேரின் செல்லுலார் சிறை 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. மையக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் பிரிந்தன. 1941 ஜூன் 26 அன்று அந்தமானைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. இன்று எஞ்சியிருப்பவை மூன்று சிறகுகளே.

அடுத்த நிலநடுக்கத்தை இக்கட்டடம் தாங்குமா? அதனைக் கணிக்க, கணினி வரைபடத்தைக் கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் ஏற்ற வேண்டும். 1982இல் ஆட்டோகேடுடன் அறிமுகமான டிஎக்ஸ்எஃப் கோப்பு வடிவம் இதற்கு உதவுகிறது. ஆயினும் அது பெரிதும் கடத்துவது வடிவத்தையே. சுவரின் இருபுறத்தையும் குறிக்கும் இரு கோடுகளை ஒரே சுவரென மென்பொருள் தானாக அறியாது. செங்கல்லின் வலிமை, சாந்தின் வயது, மறைந்த சிறகுகள் இணைந்திருந்த விளிம்பு ஆகியன கோட்டில் இல்லை.

எழுத்துப்பெயர்ப்பு ஒலியைக் கடத்தும், பொருளைக் கடத்தாது. அவ்வாறே இங்கும் பொருளை நாமே சேர்க்க வேண்டும். ஆகவே, ஆவணக்காப்பகமும் பொறியாளரின் உள்ளீடே.