இளம் விமானியும் பயணியின் நம்பிக்கையும்



சில ஆண்டுகளுக்கு முன் நம் தோட்டத்துப் பாட்டி ஒருவர் முதன்முறையாக ஆகாய விமானம் ஏறித் தமிழகத்துக்குப் புறப்பட்டார். அவரை வழியனுப்ப நாமும் சிப்பாங் விமான நிலையத்துக்குப் போயிருந்தோம். பெட்டியை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு நின்றபோது, வெள்ளைச் சட்டை அணிந்த இரண்டு விமானிகள் நம்மைக் கடந்து சென்றனர். ஒருவர் நடுத்தர வயதினர். மற்றவர் அரும்பு மீசை இளைஞர். பாட்டி அந்த இளைஞரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம் பக்கம் திரும்பி, “வாத்தியாரே, இந்தத் தம்பிக்கு எங்க கடைசிப் பேரன் வயசுதான் இருக்கும் போலிருக்கு. அவன் கையில மோட்டார் சைக்கிளைக் கொடுக்கவே நான் பயப்படுறேன். இந்தப் பிள்ளையா கடலைத் தாண்டிக் கொண்டுபோகப் போகுது?” என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அது சிரித்துத் தள்ளிவிடக் கூடிய கேள்வி அன்று. தம் உயிரை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் எவரும் கேட்க உரிமையுள்ள கேள்வி. “பயப்படாதீங்க பாட்டி” என்று மட்டுமே அன்று நம்மால் சொல்ல முடிந்தது. அவருக்குத் தரவேண்டிய சரியான விடை என்ன என்பதை வரலாற்றின் துணைகொண்டு இன்று தேடிப் பார்ப்போம்.

விமானத் தொழில் தொடங்கிய காலத்தில் அது இளைஞர்களின் தொழிலாகவே இருந்தது. 1927ஆம் ஆண்டில் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் நகருக்குத் தன்னந்தனியே, முப்பத்து மூன்றரை மணி நேரம் உறக்கமின்றிப் பறந்து சென்ற சார்ல்ஸ் லிண்ட்பெர்க்குக்கு அப்போது வயது 25. அதற்கு முன் அவர் தபால் மூட்டைகளை விமானத்தில் சுமந்து சென்றவர்.

1930ஆம் ஆண்டில் இந்தியாவில் ஒரு போட்டி நடந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே குறிப்பிட்ட காலத்துக்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு என்று ஆகாகான் அறிவித்திருந்தார். போட்டியில் இறங்கியவர்களுள் ஒருவர் 25 வயதான ஜே.ஆர்.டி. டாட்டா. மற்றொருவர் ஆஸ்பி எஞ்ஜினியர். இவருக்கு வயது 17 மட்டுமே. ஒருவர் இந்தியாவிலிருந்து மேற்கே பறக்க, மற்றவர் இங்கிலாந்திலிருந்து கிழக்கே பறந்து வந்தார். எகிப்து நாட்டில், இயந்திரத்துக்கு வேண்டிய பிளக் இல்லாமல் ஆஸ்பி தவித்து நின்றபோது, அங்கே வந்திறங்கிய டாட்டா தம்மிடம் கூடுதலாக இருந்ததைக் கொடுத்து உதவினார். இறுதியில் பரிசு அந்தப் பதினேழு வயது இளைஞருக்கே கிடைத்தது. அதே ஆஸ்பி எஞ்ஜினியர்தாம் 1960ஆம் ஆண்டில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார்.

அதே 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் மலாயாவின் வானத்தையும் ஓர் இளம்பெண் கடந்து போனார். இங்கிலாந்தைச் சேர்ந்த ஏமி ஜான்சன் என்ற அவருக்கு வயது 26. மீன் வணிகர் ஒருவரின் மகள். வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். மே 5ஆம் நாள் இலண்டனிலிருந்து ஒரு சிறிய விமானத்தில் தனியாகப் புறப்பட்டு, சிங்கப்பூரில் இறங்கி, மே 24ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை அடைந்தார். அவர் விமானம் ஓட்டும் உரிமம் பெற்று அப்போது ஓராண்டுகூட நிறைவுபெறவில்லை. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். ஓட்டுவதற்கு மட்டுமன்றி, விமான இயந்திரத்தைப் பழுது பார்ப்பதற்கும் முறைப்படி பயின்று சான்றிதழ் பெற்ற பிறகே அவர் புறப்பட்டார். துணிச்சலுக்குப் பின்னால் பயிற்சி இருந்தது.

இந்த இளைஞர்களை உலகம் கைதட்டி வரவேற்றது. ஏன்? அவர்கள் பணயம் வைத்தது தங்கள் உயிரை மட்டுமே. “இளங்கன்று பயமறியாது” என்று வியந்து பாராட்டுவது எளிது. ஆனால் அந்த இளங்கன்றின் முதுகில் நாமே ஏறி உட்கார வேண்டும் என்றால்? அப்போது நம் பேச்சு மாறிவிடுகிறது அல்லவா?

விமான நிறுவனங்களும் இதை நன்கு உணர்ந்திருந்தன. பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியபோது, இந்தச் சாகச வீரர்களைப் பொறுப்புள்ள அதிகாரிகளாக மக்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் விமானிகளுக்குக் கப்பல் அதிகாரிகளைப் போன்ற உடையையும் தொப்பியையும் கொடுத்தது. ‘கேப்டன்’ என்ற கப்பல் பட்டமும் அவர்களோடு வானில் ஏறியது. விமான நிலையத்தில் தோளில் நான்கு பட்டைகள் தெரிந்தால் அவர் பெரும்பாலும் கேப்டன். மூன்று பட்டைகள் என்றால் துணை விமானி. இந்த அடையாளங்களெல்லாம் பயணியின் அச்சத்தைப் போக்குவதற்கும் துணை செய்தன.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940ஆம் ஆண்டில் பிரிட்டனின் வானத்தைக் காத்துப் போரிட்ட விமானிகளின் சராசரி வயது சுமார் 20தான். போதிய பயிற்சி பெற நேரமில்லாமல் போர்க்களத்துக்கு அனுப்பப்பட்டவர்களுள் பலர் வீடு திரும்பவில்லை. இளமை மட்டும் போதாது, பயிற்சிக்குக் காலமும் வேண்டும் என்பதற்கு அந்த இளைஞர்களின் கல்லறைகளே சாட்சி.

போர் முடிந்து, 1947ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, மலாயன் ஏர்வேஸ் தன் முறையான சேவையைத் தொடங்கியது. சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்த அந்த விமானத்தில் ஐந்து பயணிகளே அமர முடியும். அந்நிறுவனத்தின் வழியில் வந்தவைதாம் 1972இல் தனித்தனியே பிரிந்த மலேசிய, சிங்கப்பூர் விமான நிறுவனங்கள்.

விமானங்கள் பெருகப் பெருக, வயதைப் பற்றிய விதிகளும் வந்தன. அமெரிக்கா 1960ஆம் ஆண்டில், 60 வயதைக் கடந்தவர்கள் பயணிகள் விமானத்தை ஓட்டக் கூடாது என்று விதித்தது. முதுமைக்கும் அஞ்சினார்கள் என்பதை இது காட்டுகிறது. அனைத்துலக விதிப்படி தொழில்முறை விமானி உரிமம் பெறக் குறைந்தது 18 வயதாக வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் கேப்டனுக்குரிய உரிமம் பெற 21 வயதும், 1,500 மணி நேரம் பறந்த அனுபவமும் வேண்டும். 2006ஆம் ஆண்டில் மேல் வயது வரம்பு 65ஆக உயர்ந்தது.

வயது முதிர்ந்தவர் ஓட்டினால் ஆபத்து இல்லையா, நேயர்களே? 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் தெனரீப் தீவில் நடந்ததை எண்ணிப் பார்ப்போம். ஓடுபாதையை மூடுபனி மறைத்திருந்தது. டச்சு விமானம் ஒன்றின் கேப்டன், மற்ற விமானிகளுக்கே பயிற்சி அளிக்கும் மூத்தவர். நிறுவனத்தின் விளம்பரத்தில் இடம்பெற்ற பெருமை அவருக்கு உண்டு. அனுமதி கிடைக்கும் முன்பே அவர் விமானத்தை ஓட விட்டார். எதிரே இன்னொரு விமானம் பாதையைவிட்டு விலகிவிட்டதா என்று அவருக்குக் கீழ் பணிபுரிந்த விமானப் பொறியாளர் ஐயத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொல்லிவிட்டார். கேட்டவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர்.

இது போன்ற விபத்துகள் உலகின் கண்ணைத் திறந்தன. 1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இது குறித்துப் பயிலரங்கு ஒன்றைக் கூட்டியது. அதன் பின் விமான நிறுவனங்கள் ஒரு புதிய பாடத்தைக் கற்பிக்கத் தொடங்கின. இளையவர் தவறு கண்டால் அஞ்சாமல் சொல்ல வேண்டும். மூத்தவர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். இதுதான் அந்தப் பாடம்.

2009ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் பபலோ நகருக்கு அருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். துணை விமானிக்கு வயது 24. அவருடைய இளமையும் குறைந்த சம்பளமும் பெரிதாகப் பேசப்பட்டன. விமானத்தின் வேகம் குறைந்துவருவதை இருவருமே கவனிக்கத் தவறியது உண்மை. ஆனால் எச்சரிக்கை எழுந்தபோது விமானத்தின் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாக மேலே இழுத்தவர் 47 வயதான கேப்டன் என்று விசாரணை கூறியது. இதன் பிறகு அமெரிக்காவில் துணை விமானிக்கும் 1,500 மணி நேர அனுபவம் வேண்டும் என்ற விதி 2013இல் நடைமுறைக்கு வந்தது. வேறு பல நாடுகளோ, குறைந்த மணி நேரமே பறந்த இளைஞர்களையும் கடுமையான பயிற்சிக்குப் பின் மூத்த கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கின்றன. எது சிறந்தது என்ற வாதம் இன்றும் முடியவில்லை.

எனினும், இளமைக்கு எல்லை இல்லை என்று யாரும் எண்ணிவிடலாகாது. 1996ஆம் ஆண்டில், அமெரிக்காவைக் குறுக்கே கடந்து சாதனை படைக்க ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பெரியவர்கள் ஒரு சிறு விமானத்தில் உட்கார வைத்தனர். மோசமான வானிலையில் விமானம் விழுந்து சிறுமியும், தந்தையும், பயிற்சியாளரும் இறந்தனர். அது குழந்தையின் குற்றமன்று, பெரியவர்களின் புகழாசை. அதே ஆண்டில் இத்தகைய முயற்சிகளைத் தடுக்கச் சட்டம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தியாவில் நிவேதிதா பசின் என்ற பெண்மணி தம் 26ஆம் வயதில் ஜெட் விமானத்தின் கேப்டனாகி உலகின் கவனத்தை ஈர்த்தார். ஆனால் அவர் பணிக்கு வந்த தொடக்க காலத்தில், பெண் விமானியைக் கண்டு பயணிகள் மிரண்டுவிடப் போகிறார்கள் என்று அஞ்சி, விரைவாக விமானி அறைக்குள் போய்விடும்படி உடன் பணியாற்றியோரே சொல்வார்களாம். திறமை வந்துவிட்டது, நம்பிக்கை வரத்தான் காலம் பிடித்தது.

சரி, பாட்டியின் கேள்விக்கு வருவோம். நம் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் புதிதாக வந்த பிள்ளைக்கு எடுத்த எடுப்பில் இளமரங்களைக் கொடுத்தார்களா? இல்லையே! வெட்டித் தள்ளப்போகும் கிழமரங்களில் கை பழகிய பிறகு, மண்டோர் பக்கத்தில் நின்று பட்டையைத் தடவிப் பார்த்து, காயம் படவில்லை என்று கண்ட பிறகே நல்ல நிரையைக் கொடுத்தார்கள். அவன் வயதை யாரும் கேட்கவில்லை; அவன் வெட்டிய பட்டையைத்தான் பார்த்தார்கள். விமானிக்கும் அப்படித்தான். தரையிலேயே நிற்கும் மாதிரி விமானி அறையில், இயந்திரம் நின்றுபோவது போலவும் தீப்பிடிப்பது போலவும் செய்துகாட்டி அவரைச் சோதிக்கிறார்கள். பிறகு பயிற்சி தரும் மூத்தவர் பக்கத்தில் அமர்ந்து பார்க்கிறார். அதன் பின்னும் ஆண்டுக்கு இருமுறை சோதனை உண்டு. நரைத்த தலையானாலும் அந்தச் சோதனையிலிருந்து விலக்கு இல்லை.

ஆகவே பாட்டிக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்: “அந்தத் தம்பியோட வயசைப் பாக்காதீங்க பாட்டி. அவருக்கு ஒழுங்கா சொல்லிக் கொடுத்தாங்களா, சோதிச்சுப் பாத்தாங்களா, பக்கத்துல இருக்கிற பெரியவர் அவர் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்குறாரா, அதைத்தான் கேக்கணும்.”

இந்தக் கடைசிக் கேள்வி விமானத்துக்கு மட்டும் உரியதன்று. வேலை முடிந்து வீடு திரும்பிய களைப்பில், மகனோ மகளோ ஏதேனும் சொல்ல வந்தால், “சின்னப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்?” என்று நாம் வாயை அடைத்துவிடுகிறோம். வகுப்பறையில் ஆசிரியர்களாகிய நாமும் இதைச் செய்வதுண்டு. பிள்ளையின் கையில் பொறுப்பைக் கொடுக்கும் முன் பழக்குவது நம் கடமை. பழக்கிய பிறகு அவன் பேச்சுக்குச் செவி கொடுப்பதும் நம் கடமையே. தெனரீப் தீவில் அந்த ஒரு கேள்விக்கு நின்று காது கொடுத்திருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்பதை நாம் மறவாதிருப்போம்.

பாட்டி நல்லபடியாகப் போய்த் திரும்பி வந்தார்.